நீதிமன்றத்தில் நத்தார் தாத்தா

வெண்தாடிக் கிழவர் ஒருவர் நியூயோர்க் நகரத்து நீதிமன்றமொன்றில் விசாரணைக்காகக் கொண்டுவந்து நிறுத்தப்படுகிறார். அவர் களவெடுத்தவரல்லர்; எவரையும் ஏமாற்றிப் பணம் பறித்தவருமல்லர். பெயரைக் கேட்டவர்களிடம் 'கிறிஸ் கிறிங்கிள்' என்றார்; நீர் யார் என்று கேட்டவர்களிடம் தாமே நத்தார் தாத்தா என்றார். இவ்வளவே அவர் செய்தது. அவரைப் பித்தர் வைத்தியசாலையில் அடைத்துவைப்பதா, வெளியே நடமாட விடுவதா என்பதை நீதிபதி தீர்மானிக்க வேண்டும். நத்தார்ப் பண்டிகைக்கோ இன்னும் இரண்டொரு நாட்களே உள்ளன.

'மிறக்கிள் ஒன் தேர்ட்டி ஃபோர்த் ஸ்ட்றீட்' என்னும் ஹொலிவூட் நகைச்சுவைச் சித்திரத்தின் உச்சக்கட்டம் இதுதான். முப்பத்துநான்காந் தெரு அற்புதம் என்று தமிழிற் சொல்லிக்கொள்ளலாம். 1947ஆம் ஆண்டு வெளிவந்த இப்படத்தின் மூலக்கதையை எழுதியவர் வலன்டைன் டேவிஸ். திரைக்கதை எழுதி நெறிப்படுத்தியவர் ஜோர்ஜ் சீட்டன். கிழவராக நடித்த எட்மண்ட் குவென் என்ற ஆங்கிலேய நடிகருக்குச் சிறந்த துணை நடிகருக்கான ஓஸ்கார் பரிசு கிடைத்தது. மூலக்கதைக்கு ஒன்றும் திரைக்கதைக்கு ஒன்றுமாக இன்னும் இரண்டு பரிசுகள் வந்து சேர்ந்தன. சிறந்த படத்துக்கான போட்டியிலும் பெயர் இருந்தது. அந்தப் பரிசை மட்டும் வேறொரு படம் தட்டிக்கொண்டது.

நத்தார்ப் படமாயிருந்தும் இது திரைக்கு வந்தது மார்கழியில் அன்று. கோடை காலத்திலேதான் சனங்கள் படமாளிகைக்கு மிகுதியாக வருவார்கள் என்று கம்பனித் தலைவர் டறில் சனக் பிடிவாதம் பிடித்தமையால் 1947 ஜூன் மாதத்திலேயே அது வெளியிடப்பட்டது. நத்தாரைப் பற்றிய படம் என்பதே தெரியாதவண்ணம் விளம்பரங்கள் செய்யப்பட்டன! வியாபாரம் எவ்வாறு பண்டிகையைத் தன் வசதிக்கு வளைத்துக்கொள்கிறது என்பதைப் பற்றிப் பேசுகின்ற படத்துக்கே இந்தக் கதி நேர்ந்ததை எண்ணினாற் சிரிப்பு வருகிறது.

பிள்ளைகளோடு கூடியிருந்து பார்க்கத்தக்க படமென்று எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பெயர் பெற்றுவிட்டது. பிள்ளைகள் தாத்தாவைப் பார்த்து மகிழ்வார்கள். பெரியவர்கள் சற்று ஊன்றிப் பார்த்தால் வேறொன்றும் தெரியவரும். அந்தக் கிழவரை மெய்யான நத்தார் தாத்தாவென்று ஏற்றுக்கொள்பவர்களுள் எத்தனை பேர் அவரை நம்பி ஏற்றுக்கொள்கிறார்கள்? எத்தனை பேர், ஏற்றுக்கொள்ளாவிட்டால் தமக்கு நட்டம் என்று கண்டு ஏற்றுக்கொள்கிறார்கள்? படம் முழுவதிலும் இந்தக் கேள்வி ஒளிந்திருக்கிறது.

கதை நன்றியறிதல் நாளன்று தொடங்குகிறது. மேஸீஸ் என்ற பெருங்கடை அந்நாளில் வருடந்தோறும் வீதியுலா ஒன்றை நடத்துவது வழக்கம். 1924ஆம் ஆண்டு தொடங்கிய அந்த வழக்கம், போர்க்காலத்தில் மூன்று ஆண்டுகள் தடைப்பட்டதைத் தவிர, தொடர்ந்து நடந்து வருகிறது. ஊர்வலத்தின் ஈற்றில் நத்தார் தாத்தா வேடந் தரித்தவர் வரவேண்டும். அவ்வேடக்காரரோ மதுவெறியில் தள்ளாடுகிறார். அதைக் கண்டு கொதித்தெழும் நம் கிழவர், ஊர்வலத்துக்குப் பொறுப்பான டொறிஸ் வோக்கர் என்னும் பெண்மணியிடம் முறையிடுகிறார். வேறு வழி காணாத டொறிஸ், கிழவரையே அந்த ஆசனத்தில் ஏற்றிவிடுகிறாள். அவர் பொருந்திய பொருத்தத்தைக் கண்டு கடையிலும் வேலை கொடுக்கிறாள்.

கடையின் விளையாட்டுப் பொருட்பகுதி மேலாளர் அவர் கையில் ஒரு பட்டியலைக் கொடுக்கிறார். விலைபோகாது தேங்கிக் கிடக்கும் பொருட்களின் பட்டியல் அது. என்ன வேண்டுமென்று தெரியாமல் விழிக்கும் பிள்ளைகளின் மனத்தில் இவற்றுள் ஒன்றை ஏற்றிவிட வேண்டும் என்பது கட்டளை. கிழவர் பட்டியலைக் கிழித்தெறிந்துவிட்டு, தம் மடியில் வந்தமரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு உண்மையைச் சொல்லத் தொடங்குகிறார். இந்தத் தீயணைப்பு வண்டி நம்மிடம் இல்லை, இன்ன கடையில் இன்ன விலைக்குக் கிடைக்கும். சறுக்குச் சப்பாத்தா, எதிரிக் கடையான கிம்பெல்ஸில் இதைவிட நல்லது இருக்கிறது. இப்படியே போகிறது அவர் யோசனை.

மேலாளருக்கு மயக்கம் வராத குறை. ஆனால் தாய்மார் அவரைத் தேடி வந்து, இத்தகைய நேர்மையுள்ள கடையை இனி விட்டுப் போகமாட்டோம் என்று நன்றி கூறுகிறார்கள். செய்தி முதலாளி மேஸியின் காதுக்கு எட்டுகிறது. அவர் கிழவரைப் பணிநீக்குவார் என்று எல்லோரும் நடுங்கியிருக்க, அவரோ இதனைக் கடையின் கொள்கையாகவே ஆக்கிவிடுகிறார். இலாபம் பெருகுகிறது. கிம்பெல்ஸும் அதே கொள்கையை மேற்கொள்கிறது. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத இரு முதலாளிகளும் கிழவரை நடுவில் நிறுத்திக் கைகுலுக்கிப் படமெடுத்துக்கொள்கிறார்கள்.

நேர்மைக்குக் கிடைத்த வெற்றி என்று இதைப் பலர் வியப்பதுண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. முதலாளி மேஸி நல்லவராக மாறிவிட்டதாகப் படம் எங்கும் சொல்லவில்லை. நேர்மையும் ஒரு சரக்கு, அதற்கும் சந்தையில் கிராக்கி உண்டு என்பதை அவர் கண்டுகொண்டார், அவ்வளவே. கிழவர் அன்பினாற் செய்ததைக் கடை கணக்கினாற் செய்கிறது. வாங்குபவனுக்கு இரண்டும் ஒன்றுபோலவே நன்மை தருகின்றன என்பதுதான் இந்த நகைச்சுவையின் கூர்மை. (மெய்யான மேஸி 1877ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார், படத்தில் வருபவர் கற்பனை மேஸி. கடை பின்னர் ஸ்ட்றவுஸ் குடும்பத்தார் கைக்கு மாறியது. அவர்களுள் ஒருவரான இசிடோர் ஸ்ட்றவுஸ் 1912இல் டைட்டானிக் கப்பலோடு மனைவியுடன் மூழ்கியவர்.)

இரு கடைகளும் அக்காலத்தில் உண்மையாகவே இருந்தவை. முடிந்த படத்தைத் தாம் பார்த்த பின்னரே தம் பெயரைப் பயன்படுத்த இறுதிச் சம்மதம் தருவோம் என்று இரண்டும் சொல்லியிருந்தன. அவை மறுத்திருந்தால் பெரும்பகுதியை மீண்டும் எடுக்க நேர்ந்திருக்கும். நல்லவேளையாக இரண்டும் படத்தை ஏற்றுக்கொண்டன. கிம்பெல்ஸ் 1987ஆம் ஆண்டு மூடப்பட்டுவிட்டது. அந்தக் கடையை இன்று பலர் நினைவில் வைத்திருப்பதற்கு இப்படமும் ஒரு காரணமாகும்.

இனி டொறிஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். மொறீன் ஓஹாரா நடித்த இப்பாத்திரம் அக்காலத் திரையுலகிற் சாதாரணமாகக் காணப்படாதது. விவாகரத்துப் பெற்றவள், ஒரு பெண் குழந்தையைத் தனித்து வளர்ப்பவள், ஆண்களுக்கு ஆணையிடும் பதவியில் இருப்பவள். போர்க்காலத்தில் ஆண்கள் களத்துக்குப் போயிருந்தபோது தொழிற்சாலைகளிலும் கந்தோர்களிலும் இடம்பெற்ற அமெரிக்கப் பெண்கள், போர் முடிந்ததும் வீட்டுக்குத் திரும்புமாறு நெருக்கப்பட்ட காலம் அது. அந்தச் சூழலில் இத்தகையவளைப் பரிகசிக்காமல், திறமைசாலியாகவே காட்டிய துணிவைப் பாராட்டலாம்.

பாராட்டாதவர்களும் இருந்தனர். 'லீஜன் ஒவ் டீசென்சி' என்ற கத்தோலிக்க ஒழுக்கச் சபை இப்படத்தை ஒரு பகுதி ஆட்சேபத்துக்குரியது என்று தரம் பிரித்தது. காரணம், கதாநாயகி விவாகரத்துப் பெற்றவள் என்பதே! ஊழலையும் தேர்தற் கணக்கையும் எள்ளி நகையாடும் காட்சிகள் இருக்க, இவர்களுடைய கண்ணில் உறுத்தியது ஒரு தாயின் தனிமை மட்டுமே.

வாழ்க்கையில் ஏமாந்த டொறிஸ், தன் மகள் சூசனும் ஏமாறக்கூடாதென்று அவளுக்குத் தேவதைக் கதைகளைச் சொல்லுவதில்லை. நத்தார் தாத்தா என்று எவருமில்லை என்று கண்டிப்பாகச் சொல்லியே வளர்க்கிறாள். அதன் விளைவாக, அயல் வீட்டுப் பிள்ளைகள் மிருகக்காட்சிச்சாலை விளையாட்டு விளையாடும்போது சூசனுக்கு ஒரு குரங்காகக் கூட நடிக்கத் தெரியவில்லை. கிழவர் அவளுக்குக் குரங்காவது எப்படியென்று கற்றுக்கொடுக்கும் காட்சி எவரையும் சிரிக்கவைக்கும். ஆனாலும் டொறிஸின் பக்கத்தையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். குழந்தைக்கு உண்மையைச் சொல்லி வளர்ப்பதைக் குற்றமென்று கொள்ள முடியுமா? அவளுடைய கடுமையின் அடியில் இருப்பது அறிவுவாதமன்று, ஆறாத புண் என்பதைப் படம் மெல்லக் காட்டுகிறது.

அந்த வீட்டில் இன்னொருத்தியும் இருக்கிறாள். அவள் பெயர் கிளியோ, கறுப்பினத்துப் பணிப்பெண். டொறிஸ் வேலைக்குப் போகும்போது வீட்டைப் பார்த்துக்கொள்பவள் அவளே. இப்பாத்திரத்தில் நடித்த திரேசா ஹறிஸின் பெயர் படத்தின் பெயர்ப்பட்டியலில் இல்லை. ஒரு பெண் வேலைக்குப் போவதற்கு மற்றொரு பெண் வீட்டைத் தாங்க வேண்டியிருக்கிறது என்பதும், அந்த மற்றொருத்தி யார் என்பதும் படம் சொல்ல நினைத்த செய்திகளல்ல. சொல்ல நினையாதவற்றிலிருந்தும் ஒரு காலத்தை அறிந்துகொள்ளலாமல்லவா?

கிழவர் தம்மை மெய்யான நத்தார் தாத்தா என்று சொல்லுவதை அறிந்த டொறிஸ் பதறி, கடையில் ஊழியர்களின் மனநிலையைச் சோதிக்கும் சோயர் என்பவரிடம் அவரை அனுப்புகிறாள். சோதிப்பவரின் நிலையோ பரிதாபம். கேள்வி கேட்கும்போதே புருவமயிரைப் பிடுங்குகிறார், சிடுசிடுக்கிறார். வீட்டில் நிம்மதியில்லையோ என்று கிழவர் அன்போடு விசாரிக்க, சோயரின் பகை அந்தக் கணத்திலே முளைத்துவிடுகிறது.

அமெரிக்காவில் மனவைத்தியம் பெருஞ் செல்வாக்குப் பெறத் தொடங்கிய காலம் அது. போரிலிருந்து மனமுடைந்து திரும்பியவர்கள் பலர். 1946ஆம் ஆண்டு தேசிய மனநலச் சட்டம் அங்கு நிறைவேறியது. படம் அந்த வைத்தியத்தைப் பழிக்கவில்லை. கற்றறிந்த மனவைத்தியரைத் தாம் மதிப்பதாகக் கிழவரே சொல்லுகிறார். பாதி படித்துவிட்டு மற்றவர் வாழ்வோடு விளையாடும் அரைகுறைகளைத்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. கடையைக் கூட்டும் அல்பிறெட் என்ற இளைஞன், புறூக்ளினில் ஏழைப் பிள்ளைகளுக்காக நத்தார் தாத்தா வேடம் போட்டு மகிழ்பவன். அது மனநோயின் அடையாளம் என்று சோயர் அவனை நம்பவைத்துவிடுகிறார். இதைக் கேள்வியுற்ற கிழவர் நேரே சென்று சோயரின் தலையில் ஓர் அடி அடிக்கிறார். அன்பே உருவானவர் கோபங்கொள்ளும் இடம் இது.

மாணவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. தம் மூளை நன்றாகவே வேலை செய்கிறது என்று காட்டுவதற்காகக் கிழவர், ஜோன் குவின்ஸி அடம்ஸின் காலத்தில் உபஜனாதிபதியாக இருந்தவர் டானியல் டொம்கின்ஸ் என்கிறார். அது பிழை. டொம்கின்ஸ் 1817 முதல் 1825 வரை மன்றோவின் கீழ் உபஜனாதிபதியாக இருந்தவர். அடம்ஸின் உபஜனாதிபதி ஜோன் கல்ஹூன். நத்தார் தாத்தாவும் சரித்திரப் பாடத்தில் தவறலாம்போலும்!

விட்ட அடியின் பயனாகக் கிழவரை வஞ்சகமாக பெல்வியூ வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். டொறிஸும் இதற்கு உடந்தை என்று தவறாக எண்ணிய கிழவர், மனமுடைந்து சோதனையில் வேண்டுமென்றே தோற்றுவிடுகிறார். அவரை மீட்க முன்வருபவன் டொறிஸின் அயல் வீட்டுக்காரனும் அவளை விரும்புபவனுமான பிறெட் கெய்லி என்ற இளம் நியாயவாதி. நம்மூர் வழக்கிற் சொன்னால் அப்புக்காத்து. இந்தப் பைத்தியக்கார வழக்கை எடுத்தமையால் அவன் தன் உத்தியோகத்தை இழக்கிறான், டொறிஸோடும் பிணங்குகிறான்.

இப்போது நாம் தொடங்கிய இடத்துக்கு, நீதிமன்றத்துக்கு வருவோம். நியூயோர்க் மாநிலத்தில் உச்ச நீதிமன்றம் என்று பெயர் பூண்ட மன்றம் உண்மையில் முதல்நிலை வழக்குகளை விசாரிப்பதாகும். அதன் நீதிபதிகள் பதினான்கு ஆண்டுக் காலத்துக்கு மக்களின் வாக்கினாலே தெரிவுசெய்யப்படுபவர்கள். நீதிபதி நியமனம் பெற்று வருபவர் என்றே அறிந்த நமக்கு இது புதுமையாகத் தோன்றும். நீதிபதி ஹாப்பருக்கோ தேர்தல் நெருங்கிக்கொண்டிருக்கிறது. இது தெரிந்தாலன்றி அடுத்து வரும் நகைச்சுவை விளங்காது.

நீதிபதிக்கு ஹலோறன் என்றோர் அரசியல் ஆலோசகர் உண்டு. சுருட்டும் கையுமாக வரும் இந்த மனிதரே, என் கணிப்பில், படத்தின் மிகச்சிறந்த பாத்திரம். நத்தார் தாத்தா என்று ஒருவர் இல்லவே இல்லை என்று தீர்ப்பளித்தால் என்ன நடக்கும் என்பதை அவர் நீதிபதிக்கு விளக்குகிறார். பிள்ளைகள் நம்பிக்கை இழப்பார்கள் என்று அவர் வருந்தவில்லை. பிள்ளைகள் காலுறை கட்டித் தொங்கவிடாவிட்டால் விளையாட்டுப் பொருள் விற்காது. விற்காவிட்டால் செய்பவர்களுக்கு வேலை போகும். வேலை போனால் தொழிற்சங்கங்கள் கிளம்பும். ஏ.எப்.எல்., சி.ஐ.ஓ. என்ற இரு பெருஞ் சங்கங்களும் அப்போது பிரிந்திருந்தன. 1955ஆம் ஆண்டில்தான் ஒன்றாயின. ஒன்றுக்கொன்று பகையான அவையிரண்டும் நீதிபதிக்கு எதிராக ஒன்றுபட்டுவிடும் என்பது ஹலோறனின் எச்சரிக்கை. பின்னர் கடைக்காரர், வாழ்த்து மடல் அச்சிடுவோர், இனிப்புச் செய்வோர் என்று பட்டியல் நீள்கிறது. இறுதியில் இரண்டே இரண்டு வாக்குகள்தான் மிஞ்சும், ஒன்று உமது, மற்றது அரச தரப்பு நியாயவாதி மாறாவினது என்று அவர் முடிக்க, நீதிபதி வாடிய முகத்தோடு, மாறா எதிர்க்கட்சிக்காரராயிற்றே என்கிறார்!

படம் வெளியான அதே 1947 ஜூன் மாதத்திலேதான் தொழிற்சங்கங்களின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் டாவ்ட்-ஹாட்லி சட்டத்தை அமெரிக்கக் காங்கிரஸ் ஜனாதிபதி ட்றூமனின் மறுப்பையும் மீறி நிறைவேற்றியது. முந்திய ஆண்டு முழுவதும் அந்நாடு வேலைநிறுத்தங்களால் ஆட்டங்கண்டிருந்தது. ஆதலால் சங்கங்களின் பெயரைக் கேட்டதும் நீதிபதிக்கு வியர்த்தது, அன்றைய இரசிகர்களுக்கு வெறும் பகிடியாக மட்டும் இருந்திராது.

நீதிபதிக்கு வெளியே மட்டுமன்று, வீட்டிலும் தொல்லை. பேரப்பிள்ளைகள் அவருக்கு முத்தங்கொடுக்க மறுக்கிறார்கள். ஆகவே அவர் திறந்த மனத்தோடு சாட்சியங்களைக் கேட்கப்போவதாக அறிவிக்கிறார். திறந்த மனம் என்பது சிலவேளை பூட்டிய வழிகளுக்கு நடுவே கிடைப்பதாகும்.

முதலாளி மேஸி சாட்சிக் கூண்டில் ஏறுகிறார். இவரை நத்தார் தாத்தாவென்று நம்புகிறீரா என்று கேட்கப்பட்டதும் அவர் மனக்கண்முன் மறுநாட் பத்திரிகைத் தலைப்பு விரிகிறது. தம் கடையின் நத்தார் தாத்தா போலியென்று தாமே ஒப்புக்கொள்வதா? நம்புகிறேன் என்று சொல்லிவிடுகிறார். அடுத்து, மாறாவின் சின்னஞ்சிறு மகனையே கெய்லி சாட்சிக்கு அழைக்கிறான். நத்தார் தாத்தா உண்டு என்று உனக்கு யார் சொன்னது என்ற கேள்விக்குப் பிள்ளை தன் தகப்பனைக் காட்டுகிறான். மகன் முன்னால் தான் பொய்யனாக முடியாத மாறா, நத்தார் தாத்தா இருப்பதை அரசின் சார்பில் ஒப்புக்கொள்கிறார். ஆனால் இந்தக் கிழவர்தான் அவர் என்பதற்கு அதிகாரபூர்வமான அத்தாட்சி வேண்டும் என்று பிடிவாதம் செய்கிறார்.

எல்லாரிலும் இவர் ஒருவர்தான் எனக்குச் சற்று வேறாகத் தெரிகிறார். மேஸிக்கு வியாபாரம், நீதிபதிக்குத் தேர்தல். மாறாவைத் தோற்கடித்தது மகனின் முகம். அதையும் சுயநலமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அத்தாட்சி வந்து சேரும் வழி விநோதமானது. மனந்தேறிய சிறுமி சூசன் கிழவருக்கு ஒரு கடிதம் எழுதுகிறாள். தானும் நம்புவதாக டொறிஸ் அதன் அடியில் ஒரு வரி சேர்த்து நீதிமன்ற விலாசத்துக்கு அனுப்புகிறாள். கடிதங்களைப் பிரிக்கும் தபாற் கந்தோர் ஊழியனின் கண்ணில் அது படுகிறது. நத்தார் தாத்தா பெயருக்கு வந்து, சேர்விடமின்றிக் கட்டடத்தை நிறைத்துக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான கடிதங்களைத் தொலைத்துவிட இதைவிட நல்ல தருணம் வாய்க்குமா? அத்தனை சாக்குகளையும் நீதிமன்றத்துக்கு ஏற்றிவிடுகிறான். கடிதங்கள் நீதிபதியின் மேசையில் மலைபோற் குவிகின்றன. தபாற்பகுதி அரசாங்கத்தின் திணைக்களம். உரியவரல்லாதவருக்குக் கடிதம் கொடுப்பது சட்டப்படி குற்றம். ஆகவே இவரே உரியவர் என்று அரசாங்கம் ஏற்றுக்கொண்டுவிட்டது என்பது கெய்லியின் வாதம். அமெரிக்க அரசாங்கமே சொன்னபின் இம்மன்று மறுக்குமா என்று நீதிபதி பெருமூச்சு விட்டு வழக்கை முடிக்கிறார்.

உற்சாகத்தில் நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். அந்தத் தபாற்காரன் கிழவரை நம்பியா அனுப்பினான்? அவனுக்கு இடநெருக்கடி! அரசாங்கத்தின் மாட்சிமை தங்கிய அத்தாட்சி உண்மையில் ஒரு சிற்றூழியன் தன் வேலைச்சுமையை இறக்கிவைத்ததன் விளைவேயாகும். இன்னுமொன்று. கட்சிச் சார்பற்ற அரசாங்கத்தின் குரலாக அங்கு காட்டப்படும் தபாற்பகுதிக்கு அப்போது தலைவராக இருந்த றொபேட் ஹனகன், 1947ஆம் ஆண்டின் பெரும்பகுதியில் ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுத் தலைவராகவும் இருந்தவர். தேர்தலில் உழைத்தவருக்குத் தபால் மாஅதிபர் பதவி என்பது அந்நாட்டில் அக்கால வழக்கமாக இருந்தது. ஹலோறன் போன்றவர்கள் இதனை நன்கு அறிவார்கள். தபாற்பகுதி மந்திரிசபையினின்று பிரிக்கப்பட்டுத் தனி நிறுவனமானது 1971இல்தான்.

இக்கதை 1994ஆம் ஆண்டு மீண்டும் படமாக்கப்பட்டது. 'காந்தி' படத்தை நெறிப்படுத்தியதனால் நம்மவர்க்கு நன்கு அறிமுகமான றிச்சட் அட்டன்பறோ அதிலே தாத்தாவாக நடித்தார். இம்முறை மேஸீஸ் தன் பெயரைக் கொடுக்க மறுத்துவிட்டமையால் கற்பனைக் கடையொன்று அமைக்கப்பட்டது. தீர்ப்பும் மாறிவிட்டது. சிறுமி நீதிபதியிடம் ஒரு டொலர்த் தாளைக் கொடுக்கிறாள். கடவுளை நம்புகிறோம் என்ற வாசகம் அதில் அச்சிடப்பட்டிருக்கிறது. கண்ணாற் காணாத ஒருவரை அரசாங்கம் நம்பித் தன் நாணயத்திற் பொறிக்கலாமானால், இவரையும் ஏற்கலாம் என்று நீதிபதி முடிவுசெய்கிறார்.

மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது பழைய முடிவைவிடப் பக்திமயமானது. எனக்கோ இதில் உப்பில்லை. பழைய படம் மனிதர் தம் தேவைக்காக எப்படியெல்லாம் உண்மையின் பக்கம் சாய்கிறார்கள் என்று கண்சிமிட்டிச் சிரித்தது. புதிய படம் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பிரசங்கம் செய்கிறது. அதற்கு ஆதாரமாக அது எடுத்துக்கொண்ட வாசகமும் காசுத்தாளில் நெடுங்காலம் இருந்ததன்று. நாணயக் குற்றிகளில் முன்பே இருந்தபோதிலும், அது நாட்டின் மகுடவாசகமானது 1956இல். தாள்களில் ஏறத் தொடங்கியது 1957இல். 1947ஆம் ஆண்டு நீதிபதி ஹாப்பரிடம் எவரேனும் ஒரு டொலர்த் தாளைக் கொடுத்திருந்தால், அதிலே அவ்வாசகத்தைக் கண்டிருக்க முடியாது.

பழைய படத்துக்கே மீண்டால், அதன் முடிவிலும் எனக்கொரு குறை உண்டு. சூசன் தாத்தாவிடம் கேட்டது ஒரு பொம்மையன்று; தோட்டமும் ஊஞ்சலும் உள்ள வீடு. நகரத்துக்கு வெளியே அந்த வீட்டை அவள் கண்டுபிடித்து உள்ளே ஓட, டொறிஸும் கெய்லியும் பிணக்குத் தீர்ந்து மணம்புரிய முடிவுசெய்கிறார்கள். போர்முடிந்து வீடின்றித் திண்டாடிய அமெரிக்கக் குடும்பங்களின் கனவு அதுவே. அதே 1947இல் நியூயோர்க்கை அடுத்த நெடுந்தீவில் லெவிட்டவுன் என்னும் குடியிருப்பு எழத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான வீடுகள், ஒரே அச்சில் வார்த்தவை. வெள்ளையரல்லாதார் குடியிருக்கக் கூடாதென்று உடன்படிக்கையில் எழுதப்பட்டவை. கிளியோ போன்றவள் அங்கு பணிப்பெண்ணாக நுழையலாம், குடியிருப்பாளராக நுழைய முடியாது. டொறிஸ் இனியும் தன் உத்தியோகத்தைத் தொடர்வாளா என்பதைப் பற்றிப் படம் வாயே திறக்கவில்லை.

இலாபமும் வாக்கும் வேலைச்சுமையும் சேர்ந்து ஒருவரை மெய்யராக்கிய கதையில், இவை எதுவும் தீண்டாத காட்சி ஒன்றுண்டு. வழக்குக்கு வெகுமுன்னர், கடையில் நடப்பது. ஒல்லாந்து தேசத்து அநாதைச் சிறுமி ஒருத்தியை வளர்ப்புத் தாய் அழைத்து வருகிறாள். ரொட்டர்டாம் நகரத்து அநாதை விடுதியிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தவள். அந்நகரம் 1940 மே மாதம் ஜேர்மன் விமானங்களின் குண்டுவீச்சில் எரிந்து நாசமானது. சிறுமிக்கு ஆங்கிலம் தெரியாது. நீங்கள் இவளோடு பேசமாட்டீர்கள் என்று சொல்லியும் கேளாமல் வந்துவிட்டாள் என்று தாய் மன்னிப்புக் கேட்கிறாள். கிழவர் தயக்கமின்றி ஒல்லாந்த மொழியிலே பேசத் தொடங்க, வாடியிருந்த அந்த முகம் மலர்கிறது. இருவரும் சேர்ந்து அந்நாட்டுக் குழந்தைப் பாட்டொன்றைப் பாடுகிறார்கள்.

நத்தார் தாத்தாவின் ஆங்கிலப் பெயரே ஒல்லாந்தரின் 'சின்டர்கிளாஸ்' என்பதிலிருந்து பிறந்தது. நியூயோர்க் ஒருகாலத்தில் ஒல்லாந்தரின் நகரமாக, புதிய அம்ஸ்டர்டாம் என்ற பெயரோடு இருந்தது. ஆகவே அச்சிறுமி அந்நிய தேசத்தில் தன் வீட்டு ஆளைத்தான் சந்தித்திருக்கிறாள். (நாம் நாள்தோறும் சொல்லும் கந்தோர் என்ற சொல்லும் அந்த மொழி நமக்கு விட்டுப்போனதே.)

அவர்கள் பேசியதற்குப் படத்தில் மொழிபெயர்ப்புக் கொடுக்கப்படவில்லை. ஒல்லாந்த மொழி அறியாத இரசிகர்கள் அந்த முகங்களை மட்டுமே பார்க்கிறார்கள். அறிந்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும். என்ன வேண்டும் என்று தாத்தா கேட்கிறார். ஒன்றும் வேண்டாம், எனக்கு எல்லாம் இருக்கிறது, இந்த அம்மாவோடு இருந்தாற் போதும் என்கிறாள் சிறுமி. கடைக்கு வந்த பிள்ளைகளுள் அவள் எதுவும் கேளாதவள்.

சற்றுத் தள்ளி நின்று இதனைப் பார்த்துக்கொண்டிருப்பவள் சூசன். அவளுடைய கண்களில் அப்போதுதான் முதன்முதலாகச் சந்தேகம் தோன்றுகிறது. தாயார் கற்றுத்தந்ததின்மேல் தோன்றும் சந்தேகம். சூசனாக நடித்த நற்றலி வூட்டுக்கு அப்போது எட்டு வயது. எதையும் நம்பாத பிள்ளையாக நாள்தோறும் நடித்துக்கொண்டிருந்த அந்தச் சிறுமி, தன்னோடு நடிக்கும் எட்மண்ட் குவெனை மெய்யான நத்தார் தாத்தா என்றே நம்பியிருந்தாள். படப்பிடிப்பு முடிந்து நடந்த விருந்தில், தாடியும் சிவப்பு அங்கியும் இல்லாமல் வந்த ஒரு கிழவரைக் கண்ட பின்னரே உண்மை தெரிந்தது.